ஆறு இலக்கமும் முப்பத்து நான்கு ஜோடிக் காதுகளும்

அத்தியாயம் 4

“விண்ணப்பத்தை நானே வாபஸ் வாங்கிட்டேனாம்” என்றார் முதலாளியம்மா. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்லுகிற குரல் அது.

எதிரே உட்கார்ந்திருந்த ஓரக்கண் தலையாட்டினார். அவருடைய இடது இமை பாதிக்கு மேல் திறக்காது. அதனால் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது போலவே இருக்கும். முன்பு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். அவரோடு லிஃப்டில் ஏறிய மூன்று பேர், நான்காவது மாடி வருவதற்குள் தாங்களாகவே திருட்டை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் துப்பறிகிற தொழிலுக்கு மாறிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் ரேடியோ. ஓரக்கண்ணுடைய மனைவியின் தம்பி, வயது ஐம்பது, உதவியாளன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பேசாமல் இருந்திருக்கிறான். அன்றைக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள். அன்றும் டாக்டரோடு புருவத்தால் வாக்குவாதம் செய்தான்.

“எப்ப தெரிஞ்சுது?” என்று கேட்டார் ஓரக்கண்.

“நேத்து. மானியம் எந்த நிலையில இருக்குன்னு கேக்க அரசு அலுவலகத்துல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருந்தேன். என் நம்பர் வர பதினொன்றரை ஆயிடுச்சு. கவுண்டர்ல இருந்த அம்மா பார்த்துட்டு, காலைல பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு நீங்களே வாபஸ் வாங்கிட்டீங்களேன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

ரேடியோ மாமாவைப் பார்த்தான். மாமா மேசையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்தத் தொழிற்சாலையில் உப்பிலிருந்து பேட்டரி செய்தார்கள். வெயிலில் கிடைக்கிற மின்சாரத்தைப் பகலில் பிடித்துவைத்து இரவில் கொடுக்கிற பெட்டி. புகை கிடையாது, நாற்றம் கிடையாது. ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி. அவர்களுடைய ஒரே பெரிய வாடிக்கையாளர், அடுத்த வருடம் முதல் நாளுக்கு இருநூறு வேண்டும், முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டார். இருநூறு செய்யக் கையில் வசதி இல்லை. தூய்மையான தொழில்களைப் பெரிதாக்குவதற்கென்று அரசு ஒரு மானியம் வைத்திருந்தது. அதற்கு ஓர் ஆலோசகரை வைத்து இருநூற்றுப் பதினான்கு பக்கத்துக்கு விண்ணப்பம் போட்டு, இரண்டு வருடமாகக் காத்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் முப்பத்து நான்கு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது” என்றார் முதலாளியம்மா. “அதுக்குள்ள, இது நான் செய்யலை, இன்னார் செஞ்சாங்கன்னு பேர் போட்டு எழுதிக் கொடுத்தா பழையபடி சேர்த்துக்குவாங்களாம்.”

மணி ஒன்றரை.

“இணையதளத்துல வாபஸ் வாங்கணும்னா கடவுச்சொல் வேணுமே?”

முதலாளியம்மா கம்ப்யூட்டரைக் காட்டினார். கடவுச்சொல் திரையின் மேல் விளிம்பில் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. யாருக்காவது கண் சரியாகத் தெரியாமல் போய்விடுமோ என்று அடிக்கோடும் இட்டிருந்தார்கள்.

“மாமா, இது கடவுச்சொல் இல்ல, கடைப் பலகை” என்றான் ரேடியோ.

“ஓடிபி?”

“அதுவும் வேணும். ஆறு இலக்கம். தொண்ணூறு விநாடிக்குள்ள போடணும்.”

“எந்த போனுக்கு வரும்?”

“தொழிற்சாலை போனுக்கு. நான் இந்த மணியை அடிப்பேன். கொஞ்ச நேரத்துல பேக்கிங் பண்ற அம்மா ஜன்னல்கிட்ட வந்து நம்பரைச் சொல்வாங்க.”

“அவங்களுக்கு யார் சொல்வாங்க?”

முதலாளியம்மா யோசித்தார். யோசிக்கிறாரா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாரா என்று சொல்வது கடினமாக இருந்தது.

“நான் கேட்டதில்லையே” என்றார்.

ஓரக்கண் எழுந்தார்.

*

கொட்டகை நீளமானது. ரயிலுக்குக் கட்ட ஆரம்பித்து, ரயில் வராததால் விட்டுவிட்டார்களோ என்று நினைக்கத் தோன்றும். இந்தக் கோடியில் அலுவலக அறை, அந்தக் கோடியில் கறுப்புப் பசை கலக்குகிற மேசை. பசையை உலோகத் தாளில் பூசி, நடுவில் இருக்கிற ஓவனில் உலர்த்தி, சுருட்டி, டப்பியில் அடைத்து மூடினால் பேட்டரி. ஓவன் ஓடுகிறவரைக்கும் கூரையில் ஒரு காற்றாடி ஓடும். அது போடுகிற சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் தும்மினால் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓவனுக்குப் பக்கத்தில் பெஞ்சுகளில் இருபது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

“வேலை இல்லையா?” என்று ரேடியோ கத்தினான்.

“ஓவன் தட்டு வெளியில வரணும்” என்றார் ஃபோர்மேன். காது மடலில்கூடக் கறுப்புப் பசை ஒட்டியிருந்த மனிதர்.

“நேத்து காலைல பத்து மணி சுமாருக்கு இங்க என்ன நடந்துது?” என்று ஓரக்கண் கேட்டார்.

“ஒண்ணும் கேக்கலைங்க.”

பசை கலக்குகிறவரிடம் கேட்டார். ஒண்ணும் கேக்கலைங்க. சுருட்டுகிற பெண்ணிடம் கேட்டார். ஒண்ணும் கேக்கலைங்க. பேக்கிங் அம்மாவிடம் கேட்பதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா, “ஒண்ணும் கேக்கலைங்க” என்றார்.

“மாமா, என்ன நடந்துதுன்னு நீங்க கேட்டா, என்ன கேக்கலைன்னு இவங்க சொல்றாங்க” என்று ரேடியோ காதருகில் வந்து சொன்னான். “ஊரோட மொத்தமா செவிடாயிட்டாங்களா, இல்ல உங்க குரல்தான் சரியில்லையா?”

“போன் எங்கே?”

ஃபோர்மேன் மேலே கையைக் காட்டினார். பசை மேசைக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஓர் இரும்பு ஏணி. இருபத்திரண்டு படி. உச்சியில் ஒரு காற்றுத் துவாரம். அந்த இரும்புக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்கிற இடம் அந்த ஒரு முழம்தான். போன் அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. பேட்டரித் தொழிற்சாலையின் போனுக்குப் பேட்டரி நிற்காது; சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதனால் போன் கீழே வராது. அதைத் தேடி மனிதர்கள்தான் மேலே போகவேண்டும்.

“நம்பரை மாத்தி வேற போனைப் பதிவு பண்ணலாமே?”

“பண்ணலாம். அதுக்கு இந்த போனுக்கு ஒரு ஓடிபி வரும், அப்புறம் ஏழு பேர் கையெழுத்து வேணும்” என்றார் ஃபோர்மேன். “ஆறு பேர் வரைக்கும் வாங்கிட்டோம். ஏழாவது ஆள் ரிடையர் ஆயிட்டார்.”

ஓரக்கண் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். “மச்சான், ஓடு.”

“நானா?”

“ஆபீஸ்ல பட்டனை அமுக்கற மாதிரி அமுக்கு. இங்க ஓடி வா. ஏணி ஏறு, டப்பாவைத் தொடு, இறங்கு, திரும்ப ஆபீஸுக்கு ஓடு.”

“இதை நீங்க என் அக்காவைக் கட்டறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாப்பிள்ளை பார்த்திருப்போம்.”

ஓடினான். போகிற வழியில் ஒரு தள்ளுவண்டி, இரண்டு மேசை, ஒரு வாளி. வாளியை அவன் தாண்டியதாகப் பிற்பாடு சொன்னான். பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மூன்று நிமிடம் பத்து விநாடி.

“ரெண்டு பேரா இருந்தா?” என்றார் ஓரக்கண். “ஒருத்தர் ஆபீஸ்ல, ஒருத்தர் ஏணி மேல. இறங்கி ஓடறதுக்கு மட்டும் எவ்வளவு?”

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ரேடியோவை மறுபடி ஏணியில் ஏற்றிவிட்டார். ஒரு நிமிடம் ஐம்பது.

“என் பொண்டாட்டி துரத்தியிருந்தா ஒரு நிமிஷம் நாற்பதுல வந்திருப்பேன்” என்று தரையில் உட்கார்ந்தான் ரேடியோ. “அதுக்கு மேல மனுஷனால ஆகாது. மேலேர்ந்து கத்தலாம்னா இந்தக் காத்தாடி விடாது. மாமா, இந்த வாபஸை யாருமே வாங்க முடியாது. கேஸ் முடிஞ்சுது, வாங்க போகலாம்.”

ஓரக்கண் அலுவலகத்துக்கு நடந்து போனார். ஜன்னல் வழியாக முதலாளியம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு கொட்டகைக்கு நடுவில் வந்து, ஓவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாதிக் கண்ணை மூடிக்கொண்டார். மீதிப் பாதி ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

அலுவலகத்தில் முதலாளியம்மா இணையதளத்தைத் திறந்து, உள்ளே நுழைவதற்கான ஓடிபியைக் கேட்டு, மணியை அடித்தார்.

அடுத்து நடந்ததற்கு ரேடியோவும் சாட்சி. பசை கலக்குகிறவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயதுக்குச் சம்பந்தமில்லாத வேகத்தில் ஏணி ஏறினார். “நாலு ஒண்ணு ஒன்பது!” என்று கீழே கத்தினார். “சைபர் ரெண்டு ரெண்டு!” பசை மேசையில் இருந்த எல்லோரும் சேர்ந்து அதை ஓவன் பக்கம் கத்தினார்கள். பெஞ்சில் இருந்த இருபது பேரும் எழுந்து நின்று, கையைக் குவித்து, ஒரே குரலில் சுருட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். நம்பர் ஓரக்கண்ணின் மூக்கு நுனியைக் கடந்து போயிற்று. சுருட்டும் மேசை பேக்கிங்குக்குக் கொடுத்தது. பேக்கிங் அம்மா ஜன்னலுக்குப் போய், “நாலு ஒண்ணு ஒன்பது, சைபர் ரெண்டு ரெண்டு” என்று பிசகாமல் ஒப்பித்தார்.

முப்பத்தெட்டு விநாடி.

பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. கையைக் குவித்தவர்கள் குவித்தபடியே நின்றார்கள். ஏணி மேல் இருந்தவருக்கு இறங்குவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்று தெரியவில்லை.

“காது நல்லாத்தான் கேக்குது” என்றான் ரேடியோ.

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த துணி கையைவிடக் கறுப்பாக இருந்தது. “ரெண்டு வருஷப் பழக்கம் சார்” என்றார். “மணி அடிச்சா வாய் தானா திறந்துடுது.”

“நேத்து பத்து பன்னிரண்டுக்கும் திறந்துது.”

யாரும் மறுக்கவில்லை. யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஓவனிலிருந்து தட்டு வெளியே வந்தது; இருபது பேரும் அதைப் பிடித்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்கள்.

*

“எல்லாருமா?” என்றார் முதலாளியம்மா.

“ஒருத்தர் விட்டாலும் நம்பர் நடுவுல நின்னு போயிருக்கும்” என்றார் ஓரக்கண். “அந்த விண்ணப்பத்தோட நகல் இருக்கா?”

அலமாரியில் இருந்தது. செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். ஓரக்கண் அதை முதுகில் நிறுத்திவைத்துக் கையை எடுத்தார். அது தானாக ஒரு பக்கத்தில் விரிந்து விழுந்தது. எடுத்து மறுபடி நிறுத்தினார். மறுபடியும் அதே பக்கம்.

நாற்பத்தொன்று.

மற்றப் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் வெள்ளை தெரியவில்லை. கட்டைவிரல்கள். பெரிது, சின்னது, சாய்ந்தது, நேரானது; எல்லாம் கறுப்புப் பசை.

“நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கிற மாதிரி யாராவது கஷ்டமா தப்பு பண்ணக் கூடாதா?” என்றான் ரேடியோ.

ஓரக்கண் படித்தார். “உற்பத்தி நாளொன்றுக்கு நாற்பதிலிருந்து நானூறாக உயரும். முழுத் தானியங்கி இயந்திரங்கள் நிறுவப்படும். தற்போது பணியாளர்களில் பெரும்பகுதியினர் வேலை நேரத்தில் சும்மா இருப்பது நேரில் கண்டறியப்பட்டது. விரிவாக்கத்துக்குப் பின் தேவைப்படும் பணியாளர்கள், ஒன்பது.”

முதலாளியம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. இருநூற்றுப் பதினான்கு பக்கத்திலும் இருந்தது.

“நீங்க படிக்கலை.”

“ஆலோசகர் சீட்டு ஒட்டின இடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன்.”

“ஆலோசகர் இங்க எத்தனை நாள் வந்தார்?”

“ஒரு நாள். மத்தியானம்.”

“ஓவன் தட்டு வெளியில வர்றதுக்கு முன்னாடி” என்றார் ஓரக்கண்.

முதலாளியம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. புத்தகத்தை மூடி, அதன் விளிம்பை மேசை விளிம்போடு சேர்த்து நேராக வைத்தார்.

“பேர் வேணுமே” என்றார். “முப்பத்து நாலு பேரையும் எழுதிக் கொடுக்க முடியாது. இந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து பட்டனை அமுக்கினது ஒரு ஆள்தானே?”

ஓரக்கண் விசைப்பலகையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

“சுத்தமா இருக்கு. இங்க கதவுக் கைப்பிடி கறுப்பு, தண்ணி டம்ளர் கறுப்பு. இது மட்டும் வெள்ளை. கையில பசை படாத ஆள் இந்தத் தொழிற்சாலையில ரெண்டு பேர். ஒண்ணு நீங்க. நீங்க டோக்கனோட உக்காந்திருந்தீங்க.”

ரேடியோ கதவுப் பக்கம் திரும்பினான்.

கதவருகில் ஒருவன் நின்றிருந்தான். வெள்ளைக் கையுறை, நாற்பது வயது, முதலாளியம்மாவின் அதே நெற்றி. தயாரான பேட்டரிகளைச் சோதித்து முத்திரை போடுகிறவன். அவருடைய கூடப் பிறந்த தம்பி. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தின் ஒன்பது பேர் பட்டியலில் தரப் பரிசோதகர் வேலையும் இருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

“நான்தான் அக்கா” என்றான்.

“ஏன்டா என்கிட்ட சொல்லலை?”

“சொன்னேன்.”

“எப்போ?”

“அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்னிக்கே. நீ சரின்னு சொன்ன. அடுத்த வாரம் புத்தகத்தை உன் மேசையில விரிச்சு வெச்சுச் சொன்னேன். சரின்னு சொல்லிட்டு மூடி வெச்ச. மூணாவது தடவை, போன வெள்ளிக்கிழமை, படிக்கட்டுல உன்னை நிறுத்தி, அக்கா இருபத்தஞ்சு பேரு போயிடுவாங்க, வாபஸ் வாங்கட்டுமான்னு கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“சரின்னு சொன்ன.”

முதலாளியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அம்மாவே சம்மதிச்சுத்தான் வாபஸ் ஆகியிருக்கு” என்றான் ரேடியோ மெல்ல. “மாமா, நம்ம கட்சிக்காரங்களே குற்றவாளியா இருந்தா பில்லை எங்க கொடுக்கறது?”

“சும்மா இரு” என்றார் ஓரக்கண்.

முதலாளியம்மா மேசை மேலிருந்த தரைவழி போனை இழுத்தார். எண்களைச் சுழற்றினார். தம்பி கையுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்தான். போலீஸ் ஜீப்பில் கையுறையோடு ஏறுவது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம்.

“நேத்து வந்திருந்தேன், உப்பு பேட்டரி” என்றார் போனில். “ஆமா, வாபஸ் ஆனது. பேர் கிடைச்சுது. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பழையபடி சேர்த்துக்கிட்டா, நாற்பத்தொன்றாம் பக்கத்தை மாத்திக் கொடுக்கலாமா?”

மறுமுனையில் கவுண்டர் அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. நாள் முழுவதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பேசிப் பழகிய குரல்.

“உயிரோட இருக்கிற விண்ணப்பத்துல ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாதும்மா. வாபஸ் ஆனதைத்தான் திருத்தலாம். திருத்தி அஞ்சு மணிக்குள்ள புதுசா அனுப்பணும். உங்களுதுதான் வாபஸ் ஆயிடுச்சே, அதையே எடுத்துத் திருத்துங்களேன். இதைக்கூட யாரும் சொல்லலையா உங்களுக்கு?”

முதலாளியம்மா போனை வைத்தார். மணி இரண்டு ஐம்பது.

“ஃபோர்மேனைக் கூப்பிடு” என்றார்.

ஃபோர்மேன் வந்து, எங்கே உட்கார்ந்தாலும் கறை படியும் என்பதால் நின்றார்.

“இருநூறு பெட்டி செய்யணும். ஆள் குறையக் கூடாது. என்ன வேணும்?”

“ஓவன்” என்றார் அவர்.

“ஓவனா?”

“நாங்க முக்கால் நாளுக்கு மேல அதோட வாசல்லதான்மா உக்காந்திருக்கோம். பசையும் ரெடி, கையும் ரெடி. இது ஒண்ணுதான் மெதுவு. இதைவிட மூணு மடங்கு பெருசா ரெண்டு ஓவன் போட்டா, இதே முப்பத்து நாலு பேர் இருநூத்தி இருபது செய்வோம்.”

“ஆலோசகர்கிட்ட இதைச் சொன்னீங்களா?”

“அவர் எங்களை எண்ணினார். கேக்கலை.”

தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நானூறு என்பது இருநூற்று இருபது ஆயிற்று. ஒன்பது என்பது முப்பத்து நான்கு ஆயிற்று. தானியங்கி இயந்திரங்கள் போய் இரண்டு ஓவன்கள் வந்தன. பக்கத்தில் மதிப்பெண் காட்டுகிற கட்டம் ஒன்று இருந்தது. விரிவாக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மதிப்பெண். எண்பத்தாறாக இருந்தது ஐம்பத்தொன்பதுக்கு இறங்கிற்று.

“அக்கா, போன வருஷம் எழுபதுக்குக் கீழே ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் கிடைச்சுது.”

“தெரியும். அனுப்பு.”

“கிடைக்கலைன்னா எல்லாருக்குமே வேலை போயிடும்.”

“தெரியும்டா. சொல்லிட்டுத்தான் அனுப்பணும்.”

அவர் கொட்டகைக்குள் போனார். காற்றாடிக்கு மேலே கத்தத் தெரியாததால், பெஞ்சுக்குப் பெஞ்சு போய்த் தனித்தனியாகச் சொன்னார்: இப்படி மாற்றியிருக்கிறோம், கிடைத்தால் எல்லோருக்கும், கிடைக்காமலும் போகலாம். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மட்டும் ஓவன் கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதாகச் சொன்னார், அதையும் கேட்டுக்கொண்டார். கடைசி மேசைக்கு வந்தபோது மணி நாலே முக்கால். அங்கேயிருந்து ஏணி பக்கம்தான். பசை கலக்குகிறவர் எழுந்திருப்பதற்குள் அவரே ஏறிவிட்டார்.

தம்பி மணியை அடித்தான். நம்பர் மேலே வந்தது, முதலாளியம்மா சொன்னார், கொட்டகை அதை வாங்கிக் கைமாற்றிக்கொண்டு போயிற்று. நாற்பத்தொரு விநாடி. நான்கு ஐம்பத்து மூன்றுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது.

ஓரக்கண்ணும் ரேடியோவும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“ரிப்போர்ட்ல குற்றவாளின்னு யாரை எழுதறது மாமா?”

“முப்பத்து நாலு பேரையும் எழுது. முப்பத்தஞ்சாவதா அந்த அம்மாவை எழுது.”

“இவ்வளவு பேரை எழுதினா விசாரணைக்கு மைதானம்தான் வாடகைக்கு எடுக்கணும்.”

உள்ளே முதலாளியம்மா அலுவலகத்துக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி ஒப்புகைச் சீட்டை நீட்டினான். அவர் அதை வாங்காமல் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். ஏணியின் பதினெட்டாவது படியில் ஒரு திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும். ஏறிப் பழகியவர்கள் காலைத் தள்ளி வைப்பார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்து, இரத்தம் செருப்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு விரலால் தொட்டார்.

“டேய்” என்றார், ஆச்சரியத்தோடு. “வலிக்குதுடா.”

தம்பி பஞ்சைத் தேடிக்கொண்டு ஓடினான்.